கல்யாணத்துக்குப் போன கத்தரிக்கோல்

பிள்ளைகளா, முதலில் ஒரு நல்ல சேதி. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் முத்தையா அண்ணன் என்னோடு பேசிவிட்டார்!

பத்திரிகையில் என் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். முத்தையா அண்ணன், நான் கண்டக்டராக இருக்கும் மினி பஸ்ஸின் டிரைவர். காரைக்குடியிலிருந்து சுற்றியுள்ள கிராமங்களுக்கு ஒரு நாளைக்குப் பத்து நடை. ஒன்பது வருஷமாக அவர் முன்னால், நான் பின்னால். என் வீட்டுப் பொரியல் அவர் டிபன் பாக்ஸிலும் அவர் வீட்டுக் குழம்பு என் டிபன் பாக்ஸிலும்தான் மதியம் முடியும். அப்படிப்பட்ட மனிதர் மூன்று மாதமாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் ஒரு விசில் கொடுத்தால் நிறுத்துவார். இரண்டு கொடுத்தால் கிளப்புவார். அவ்வளவுதான் எங்கள் பேச்சுவார்த்தை.

டீ குடிக்க நான் கிழக்குப் பக்கக் கடைக்குப் போனால் அவர் மேற்குப் பக்கக் கடைக்குப் போவார். நான் மேற்கே போனால் அன்றைக்கு அவருக்கு டீயே வேண்டாம். "என்னண்ணே கோவம்?" என்று ஒரு தரம் இல்லை, முப்பது தரம் கேட்டிருப்பேன். கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்ப்பார். அப்புறம் ஹாரன்.

காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். செப்டம்பரில் அவர் மகள் மீனாவுக்குக் கல்யாணம். நான் போகவில்லை. எப்படிப் போவது? அவர் லீவு. மாற்றாக வந்த டிரைவருக்கு வழி தெரியாது. கண்டக்டரும் லீவு போட்டால் பஸ் எந்த ஊருக்குப் போய்ச் சேரும்? முதலாளி விடவில்லை. என் மனைவி சகாயமேரி மட்டும் போய், வாழ்த்தி, பரிசு கொடுத்து, சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு திரும்பி வந்தாள்.

நான் வரவில்லை என்ற கோபம் என்று நினைத்தேன். கோபம் அதில் இல்லை. பரிசில்!

அது என்ன பரிசு என்று சொல்வதற்கு ஜனவரியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜனவரியில் இதே இடத்தில் நான் ஒரு சபதம் எழுதினேன், நினைவிருக்கிறதா? "இனிமேல் டிசம்பர் கடைசியில் கடைத்தெருவில் ஓட மாட்டேன். வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்கி வைப்பேன்." இதைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை, "மாமா, பிப்ரவரியில் மறந்துவிடுவீர்கள்" என்று போஸ்ட் கார்டு போட்டிருந்தது. மறக்கவில்லை கண்ணு. நடந்தது வேறு.

சபதத்துக்குக் காரணம் என் மகள் ஜெனி. ஆறாம் வகுப்பு. அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு ஒரு பென்சில் பாக்ஸ் கொடுத்தேன். கடைசி நேரம், கூட்டம், கையில் அகப்பட்டதை எடுத்தேன். பிரித்துப் பார்த்தாள். "நல்லாருக்குப்பா" என்றாள். மறுநாள் எதற்கோ அலமாரியைத் திறந்தால், அதே நீலம், அதே பூனைப் படம், அதே பென்சில் பாக்ஸ் இன்னொன்று உட்கார்ந்திருக்கிறது. அதுவும் நான் வாங்கிக் கொடுத்ததுதான். அதற்கு முந்தின வருஷம்!

அழுதிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். கோபப்பட்டிருந்தால் ஐஸ்கிரீம் வாங்கித் தந்திருக்கலாம். "நல்லாருக்குப்பா" என்று சொல்லிவிட்டாளே… அதற்கு என்ன செய்வது? அடுத்த கிறிஸ்துமஸுக்கு இவளுக்கென்றே யோசித்த ஒன்றை இவள் கையில் கொடுத்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

சரி, காசு? அதற்குத்தான் வடைத் திட்டம். காலையில் முதல் நடை முடிந்ததும் இரண்டு உளுந்துவடை சாப்பிடுவேன். அதில் ஒன்றை நிறுத்தினேன். வடை பத்து ரூபாய். அந்தப் பத்து ரூபாய் சட்டையின் உள்பாக்கெட்டுக்குப் போகும். பெரியவர்கள் இதை பட்ஜெட் என்பார்கள். எனக்குத் தெரிந்து அது பசி. பாதி நாள் வடைதான் ஜெயித்தது. இருந்தாலும் பாதி நாள் நான் ஜெயித்தேன் இல்லையா?

வாங்குவதற்கு ஒரே ஒரு விதி வைத்திருந்தேன். கடையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. வீட்டில் யார் எதற்கு அலுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்பது. அப்பா எழுந்திருக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு "யேசுவே" என்றார். முழங்கால் பட்டை வாங்கினேன். "உங்க விசிலுக்கு ஊரே நிக்கிது, எங் குக்கரு விசிலே அடிக்க மாட்டேங்குது" என்றாள் சகாயமேரி. குக்கருக்குப் புது வெயிட் வாங்கினேன். இப்படி ஆறு பரிசுகள். ஒன்றுகூட இருநூறு ரூபாயைத் தாண்டவில்லை.

ஆனால் என் ஆறில் ஒன்றுதான் ராஜா. அது ஜெனியுடையது.

ஜெனிக்கு இடது கைப் பழக்கம். எழுதுவது, சாதம் பிசைவது, என்னை அடிப்பது எல்லாம் இடது கைதான். பள்ளிக்கூடத்தில் சார்ட்டுக்குப் படம் வெட்டச் சொன்னால் மட்டும் கண் கலங்கிவிடும். கத்தரிக்கோல் அவள் கையில் வெட்டாது. காகிதம் மடங்கும், கிழியும். "நொட்டாங்கை வெட்டுனா இப்படித்தான்" என்று பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். கை சரியில்லை என்றுதான் அவளும் நினைத்தாள். உண்மையைச் சொல்கிறேன், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒருநாள் பஸ்ஸில் கல்லூரி மாணவி ஒருத்தி இடது கையால் காசு நீட்டினாள். கண்டக்டர் வாய் சும்மா இருக்குமா? "கைய மாத்திக் குடும்மா" என்றேன்.

"அண்ணே, எனக்கு இதுதாண்ணே சோத்துக் கை" என்றாள்.

சுருக்கென்றது. வீட்டில் ஒரு இடது கையை வைத்துக்கொண்டு நான் இப்படிப் பேசலாமா? மன்னிப்புக் கேட்டு ஜெனியின் கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். "கையில ஒண்ணும் இல்லண்ணே. கத்தரிக்கோல்தான் வலது கைக்காரவுகளுக்குச் செஞ்சது. எங்களுக்குன்னு தனியா இருக்கு."

கடைத்தெருவில் ஸ்டேஷனரிக் கடைக்காரரிடம் கேட்டேன். "செருப்புலதான் இடது வலது கேட்டுருக்கேன், கத்தரியிலயுமா? போங்க சார்" என்றார். கடைசியில் அந்த மாணவியே மதுரைக்குப் போனபோது வாங்கி வந்து கொடுத்தாள். சிவப்புக் கைப்பிடி. நூற்று நாற்பது ரூபாய். பதினாலு வடை! அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையில் பஸ்ஸுக்கு மூன்று விசில் கொடுத்தேன். முத்தையா அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

எல்லாவற்றையும் வண்ணத் தாளில் சுற்றி வைத்தேன். தாளையும் ஜனவரியிலேயே வாங்கிவிட்டேன். பண்டிகை முடிந்ததும் பாதி விலைக்குத் தள்ளுவார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா படம் போட்டது ஏழு ரூபாய். சிவப்பில் பொன்புள்ளி மட்டும் போட்டது ஐந்து ரூபாய். நான் புள்ளியை எடுத்தேன். ஒரு தாளுக்கு இரண்டு ரூபாய் மிச்சம் — இந்த இரண்டு ரூபாயைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே பெயரும் எழுதவில்லை. பெயர் எழுதினால் ரகசியம் போய்விடுமே! பரணில், குடில் பொம்மைகள் இருக்கும் பெட்டியில் மறைத்தேன். டிசம்பர் வரை அதை யார் திறக்கப் போகிறார்கள்?

டிசம்பர் முதல் தேதி ஸ்டார் கட்டப் பரணுக்கு எக்கினேன். அப்படியே பெட்டிக்குள் கையைவிட்டுத் துழாவி எண்ணினேன். ஒன்று, இரண்டு… ஆறு. சரியாக இருந்தது. கடைத்தெருவில் மூச்சு வாங்க ஓடும் மனிதர்களை நினைத்து லேசாகச் சிரித்துக்கூடக் கொண்டேன்.

இருபத்திரண்டாம் தேதி சாயங்காலம், பெயர் எழுதுவதற்காகப் பெட்டியைக் கீழே இறக்கினேன். ஜெனி கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். முதல் பார்சல் வட்டமாக இருந்தது. நான் வட்டமாக எதுவும் வாங்கவில்லையே? பிரித்தேன். சுவர்க் கடிகாரம். அடுத்தது இட்லி சூடாக இருக்க வைக்கும் ஹாட்பேக். அதற்கடுத்தது… இன்னொரு சுவர்க் கடிகாரம்.

"சகாயம்! இதெல்லாம் யாரு வச்சது?"

"நாந்தான். என்னத்துக்குப் பிரிக்கிறீக? தை மாசம் ரெண்டு விசேஷம் இருக்கு."

"இங்க இருந்த எம் பார்சல் எங்க?"

"செவப்புத் தாள்ல புள்ளி போட்டுருந்துச்சே, அதா? விசேஷத்துக்குக் குடுத்துட்டேனே!"

பிள்ளைகளா, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். விசேஷத்தில் வரும் பரிசுகளைப் பிரிக்காமல் அதில் போட்டு வைப்பார்கள். அடுத்த வீட்டு விசேஷத்துக்கு அது கிளம்பிவிடும். பிரித்தால் தாள் வீண் இல்லையா? ஒரு முறைகூட 'டிக்' என்று சொல்லாமல் காரைக்குடி முழுக்கச் சுற்றி வந்த கடிகாரங்கள் உண்டு.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வேணாமா?" என்றேன்.

"நீங்க சொன்னீகளா? விசேஷத்துல வந்தத அங்குட்டு வச்சிருக்கீகன்னு நெனச்சேன். எடுத்தது மூணு. வச்சது மூணு. எண்ணிக்கை சரியாத்தான இருக்கு?"

சரியாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

"பெருசா, மெத்துன்னு ஒண்ணு?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காதுகுத்துக்குக் குடுத்தேன்."

"அது முழங்கால் பட்டை! ஒரு வயசுப் பிள்ளைக்கா?"

சகாயமேரி ஒரு நிமிஷம் யோசித்தாள். "தவழுற பிள்ளைதான? இருக்கட்டும்."

குக்கர் வெயிட் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தது. அந்த வீட்டில் இன்னமும் குக்கரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

"சகாயம், நல்லா யோசிச்சுச் சொல்லு. சின்னதா, தட்டையா, கனமா ஒண்ணு. அது எங்க?"

"அதுவா? ஆட்டிப் பாத்தேன். நல்ல கனம். வெள்ளி முலாம் போட்ட கரண்டின்னு நெனச்சு, நம்ம முத்தையாண்ணன் மக கல்யாணத்துக்குக் குடுத்தேன். ஏன், அதுல என்ன இருந்துச்சு?"

"கத்தரிக்கோல்."

"மாதாவே!" என்று நெஞ்சில் கை வைத்தாள். அப்புறம் மெதுவாக, "மேடையேறிப் பெருமையாக் குடுத்தேனே… போட்டோ வேற எடுத்தாக" என்றாள்.

கத்தரிக்கோலைக் கையோடு கை வாங்கினாலே சண்டை வரும் என்று கீழே வைத்து எடுக்கச் சொல்லும் ஊர் இது. அதைக் கல்யாணத்துக்குக் கொடுத்தால்? உறவை வெட்டிவிடுவது என்று அர்த்தம்! மூன்று மாத மௌனத்தின் முழு விளக்கமும் அந்த ஒரு நொடியில் எனக்குக் கிடைத்துவிட்டது.

"ஏங்க, இப்படிப் பண்ணிட்டியேன்னு என்னையே பாக்குறீக? அன்னைக்கு நீங்கதான் சொன்னீக. 'பரண்ல ஏதாவது கெடக்கும், எடுத்துட்டுப் போ'ன்னு."

சொன்னேன்தான். அவள் வைத்திருக்கும் பெட்டியைச் சொன்னேன். இரண்டு பெட்டியும் ஒரே பரணில்.

இப்போது என்ன வழி? அந்த மாணவி லீவுக்கு ஊருக்குப் போய்விட்டாள். மதுரைக்குப் போய்வர எனக்கு லீவு கிடையாது. ஜெனியின் பரிசு முத்தையா அண்ணன் வீட்டார் வசம். கொடுத்த பரிசைத் திருப்பிக் கேட்க வேண்டும். அதுவும் பேசாத மனிதரிடம்! மாற்றாக இருக்கட்டும் என்று ஒரு சுவர்க் கடிகாரத்தைப் புதுத் தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் முதல் நடை. கடைசி நிறுத்தத்தில் புளியமரத்தடியில் பஸ் பத்து நிமிஷம் நிற்கும். கீரைக்கூடையோடு ஒரு அம்மாவும் இன்னும் நாலைந்து பேரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நான் முன்னால் போனேன்.

"அண்ணே, மீனா கல்யாணத்துக்கு நாங்க ஒண்ணு குடுத்தோம்ல…"

கண்ணாடியில் பார்வை.

"அத… திருப்பித் தர முடியுமாண்ணே?"

இப்படி ஆரம்பித்திருக்கக் கூடாது.

மூன்று மாதம் அடைத்து வைத்த வாய் திறந்தது. "வாங்க சார்! வாங்க! கல்யாணத்துக்குக் கத்தரிக்கோல் குடுத்தீக. பொறுத்தேன். சம்பந்தியம்மா எல்லாரு முன்னாடியும் பிரிச்சு, 'வந்த அன்னைக்கே வெட்டிவிடுறது யாரு'ன்னு கேட்டாக. அதையும் பொறுத்தேன். எம் பொண்டாட்டி சமாளிக்கணுமேன்னு, 'தையலுக்குத்தான், நல்ல கத்தரி'ன்னு சொல்லி ஒரு நூல வச்சு வெட்டுனா… வெட்டலயே! நூலு மடங்குது! கல்யாணத்துக்குக் கத்தரிக்கோலு, அதுவும் வெட்டாத கத்தரிக்கோலு! இப்ப அதையும் திருப்பிக் கேக்குறீக. இதுக்கு என்னங்க சார் அர்த்தம்? வீட்டுல மூணு மாசமா இதத்தான் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்கோம்!"

"வெட்டாதத எதுக்குத் திருப்பிக் கேக்குறாரு?" என்று கீரைக்காரம்மாவுக்கும் சந்தேகம் வந்தது.

"இப்ப அது எங்கண்ணே இருக்கு?"

எழுந்தார். டிரைவர் சீட்டைத் தூக்கினார். ஜாக்கி, ஸ்பேனர், கழிவுத் துணி… நடுவில் சிவப்புக் கைப்பிடி!

"சம்பந்தி வீட்டுல வேணாம்னு குடுத்துவிட்டாக. எங்க வீட்டுக்குள்ளயும் வரக் கூடாதுன்னுட்டா எம் பொண்டாட்டி. தூக்கிப் போடவும் மனசு வரல. ஒம்போது வருசம் கூட ஓடுனவன் குடுத்தது…"

குரல் கொஞ்சம் இறங்கியது. நான் தேடிய பரிசு மூன்று மாதமாக என் பஸ்ஸிலேயே, நாளைக்குப் பத்து நடை, டிக்கெட் எடுக்காமல் வந்திருக்கிறது!

"அண்ணே, இது நல்லா வெட்டும்ணே, பாருங்க" என்று வாங்கி, பழைய டிக்கெட் ஒன்றை வைத்து வெட்டினேன். மடங்கியது. பஸ்ஸே சிரித்தது. அவசரத்தில் வலது கையில் பிடித்திருக்கிறேன்! இடது கைக்கு மாற்றினேன். கை கோணினாலும்… சரக்! டிக்கெட் இரண்டாக விழுந்தது.

"இது இடது கைக்காரவுகளுக்குன்னே செஞ்சதுண்ணே."

அண்ணன் பிடுங்கிக்கொண்டார். இடது கையில் மாட்டினார். சரக். "அட!" தினசரித் தாளை எடுத்தார். சரக், சரக். "வெட்டுதுப்பா!" பாதிப் பேப்பர் போய்விட்டது. "எங்க, இங்குட்டுக் குடுங்க பாப்போம்" என்று கீரைக்காரம்மா கை நீட்டினார்கள். பஸ் எடுக்க வேண்டிய நேரம் தாண்டி நான்கு நிமிஷம் ஆகியிருந்தது. யாரும் கேட்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் அண்ணன் நிறுத்தினார்.

"மீனாவுக்குத்தான் வலது கையாச்சே? அவளுக்கு எதுக்கு இது?"

"அது… மீனாவுக்கு இல்லண்ணே. ஜெனிக்கு. கிறிஸ்துமஸுக்குன்னு வாங்கி வச்சேன். சகாயம் தெரியாம மாத்திக் குடுத்துட்டா."

"சரி. அப்ப மீனாவுக்குன்னு நீ என்ன வாங்கி வச்சிருந்த?"

'நீ' என்று சொல்லிவிட்டார். மூன்று மாதம் கழித்து! அதற்காகச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

பள்ளிக்கூட வயதில் எஞ்சினுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, என் டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சவாரி வந்த பெண் மீனா. வருஷம் முழுக்க யார் எதற்கு அலுத்துக்கொள்கிறார்கள் என்று காதைத் தீட்டி வைத்திருந்தேன். அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு மட்டும், 'பரண்ல ஏதாவது கெடக்கும்' என்று சொல்லியிருக்கிறேன்.

"ஒண்ணுமே யோசிக்கலண்ணே" என்றேன்.

அவர் கழிவுத் துணியை எடுத்துச் சிவப்புக் கைப்பிடியில் இருந்த கிரீஸைத் துடைத்தார். முனையைத் தன் பக்கம் வைத்து, கைப்பிடியை என் பக்கம் நீட்டினார். பிறகு ஞாபகம் வந்தவராகச் சீட்டின் மேல் வைத்தார். "எடுத்துக்க. கையோட கை வாங்குனா சண்டை வரும். ஒரு தரம் வந்தது போதும்."

நான் எடுத்துக்கொண்டேன். "மீனாவுக்கு என்னண்ணே புடிக்கும்?"

வண்டியை எடுத்தார். இரண்டு நிறுத்தம் தாண்டித் திரும்பிப் பார்த்தார். "தெரியலயேப்பா!"

ஊருக்குள் வந்து நின்றதும் அவரே மீனாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் மறுமுனையில் மீனா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சித்தப்பா, என்ன வேணாலும் குடுங்க. கடிகாரம் மட்டும் வேணாம். இங்க ஒம்போது இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு மணி காட்டுது."

பையில் இருந்த கடிகாரத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன்.

"பொங்கலுக்கு வருவோம். அப்பா பஸ்ல முன் சீட்டுல உக்காந்து காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் சுத்தணும். எங்க வீட்டுக்காரவுகளும் வருவாக. எங்கிட்ட டிக்கெட் கேக்கக் கூடாது!"

கேட்க மாட்டேன். நானே எடுத்துவிடுவேன். இரண்டு பேருக்கு, ஒரு நாள் பூராவும். வடைத் திட்டம் மறுபடி தொடங்கியாகிவிட்டது.

சகாயமேரிக்குக் குக்கர் வெயிட் வாங்க இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் கடைத்தெருவில் ஓடினேன் என்பதை உங்களிடம் மறைக்கவில்லை. போஸ்ட் கார்டு போட்ட பிள்ளை சிரிக்கலாம். அப்பாவுக்கு ஹாட்பேக். "முழங்காலுக்கு ஒத்தடம் குடுக்க வெந்நி ஊத்தி வச்சுக்கலாம்" என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் காலையில் ஜெனி பார்சலைப் பிரித்தாள். இந்தத் தடவை கிறிஸ்துமஸ் தாத்தா தாள். மேலே பெரிய எழுத்தில் பெயர். இதை முதலிலேயே செய்திருந்தால், தாளுக்கு இரண்டு ரூபாய் கூடப் போயிருக்கும். மூன்று மாதம் டீ தனியாகக் குடித்திருக்க வேண்டியதில்லை.

கத்தரிக்கோலை இடது கையில் எடுத்தாள். சந்தேகமாக என்னைப் பார்த்தாள். பிரித்த தாளின் ஓரத்தில் வைத்தாள். சரக்… நிற்காமல், மடங்காமல், தாத்தாவின் தொப்பியைச் சுற்றி, தாடியைச் சுற்றி, ஒரே வெட்டில் முழுத் தாத்தாவும் தாளிலிருந்து இறங்கி வந்துவிட்டார். அவள் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாருக்குப்பா" என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்துகொண்டே நின்றேன். சொல்லவில்லை. அடுத்த தாளைத் தேடி ஓடினாள்.

அன்றையிலிருந்து வெட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். காலண்டர், மளிகைச் சீட்டு, கேக் டப்பா மூடி எல்லாம் நட்சத்திரமாகிவிட்டன. வீட்டில் வெட்டுப்படாமல் மிச்சம் இருப்பது நான் எழுதும் இந்தத் தாள் ஒன்றுதான் — வாசலில் காலடிச் சத்தம் கேட்கிறது, முடித்துவிடுகிறேன்.